தாளில் ஓடும் நிரல்

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டையும் புதுவாயலும் அடுத்தடுத்து இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்களும் பொறியியல் கல்லூரி பஸ்களும் காலையில் ஓடுவது இதே சாலையில்தான். அப்பா ஒன்றிலும் பிள்ளை இன்னொன்றிலும் ஏறும் வீடுகள் இங்கே உண்டு. பிள்ளை சி.எஸ்.இ. படிக்கிறான் என்பதில் வீட்டுக்குப் பெருமை. ஆனால் செமஸ்டர் முடியும் சமயத்தில் அவர்கள் பார்ப்பது, நள்ளிரவு வரை குனிந்து ரெக்கார்டு நோட்டு எழுதும் பிள்ளையை. கம்ப்யூட்டர் படிப்புக்கு இவ்வளவு பேனா எதற்கு என்று அவர்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 2017 ஒழுங்குமுறைப்படி தியரி பாடத்துக்கு இன்டர்னல் 20, பல்கலைத் தேர்வு 80. 2021 ஒழுங்குமுறை அதை 40, 60 என்று மாற்றியது. வினாத்தாளின் அச்சு மாறவில்லை: 2 மதிப்பெண் வினா பத்து, 13 மதிப்பெண் வினா ஐந்து, 15 மதிப்பெண் வினா ஒன்று. மூன்று மணி நேரம், ஒரு பேனா. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ், கம்பைலர் டிசைன் எல்லாவற்றுக்கும் இதுதான்.

பேனாவை மட்டும் குற்றவாளி ஆக்க நான் தயாரில்லை. தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பாடத்தில் ஒரு ஆட்டோமேட்டானை வரைந்து, அது எந்தச் சரத்தை ஏற்கும், எதை ஏற்காது என்று காட்டுவதற்குத் தாளைவிட நல்ல இடம் கிடையாது. ரவுண்ட் ராபின் முறையில் நான்கு பிராசஸ்களுக்கு நேரம் பங்கிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு காத்திருந்தது என்று கணக்குப் போடுபவர் அதைப் பிறகு மறப்பதில்லை. பாடத்திட்டத்தில் இன்றும் இருக்கும் குறுவழி அல்காரிதத்தை டைக்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, தாளும் பென்சிலும்கூட இல்லாமல் யோசித்து முடித்தார். கணினி பக்கத்தில் இல்லாமல் யோசிக்கும் பழக்கம் இந்தத் துறைக்கு அவசியம். கைத்தேர்வு அதற்குக் கொஞ்சமாவது இடம் தருகிறது.

மனப்பாடத்தையும் நான் ஒரேயடியாகப் பழிக்க மாட்டேன். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 2021இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவிக்கு முதல் வருடம் ஆங்கிலமே பெரிய மலை. கொஸ்டின் பேங்கை உருப்போட்டு அரியர் இல்லாமல் தாண்டினால்தான் அவர் இரண்டாம் வருடம் தெம்போடு படிக்க முடியும். அந்தப் படிக்கட்டைப் பிடுங்கிவிட்டு புரிந்து படி என்று உபதேசம் செய்வது அநியாயம்.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. லிங்க்டு லிஸ்டில் ஒரு நோடை நீக்கும் நிரலை எடுத்துக்கொள்வோம். மனப்பாடமாக எழுதுபவர், நீக்க வேண்டிய நோடு வரும்வரை நடந்து, அதற்கு முந்தைய நோடின் சுட்டியை அடுத்ததற்குத் திருப்பிவிடுவார். நீக்க வேண்டியது முதல் நோடாகவே இருந்தால்? முந்தைய நோடே கிடையாது. தேடிய எண் பட்டியலிலேயே இல்லாவிட்டால்? தாளில் இந்த இரண்டு ஓட்டையும் எளிதில் கண்ணில் படாது. வடிவம் சரியாக இருந்தால் மதிப்பெண் விழுந்துவிடும். கணினியில் அந்த உள்ளீட்டைக் கொடுத்தால் அதே நிரல் பெரும்பாலும் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நின்றுவிடும். ஏன் நின்றது என்று அரை மணி நேரம் தேடுகிறாரே, அந்த அரை மணி நேரம்தான் படிப்பு.

அந்தப் படிப்பு லேபில் நடக்க வேண்டும். ஆனால் ரெக்கார்டில் ஏறுவது ஓடிய நிரல் மட்டும்: எய்ம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், ரிசல்ட். ஓடாமல் போன முயற்சிகள் எங்கும் பதிவாவதில்லை. 2021 ஒழுங்குமுறையில் லேபுக்கு இன்டர்னல் 60 மதிப்பெண். நோக்கம் நல்லது. அந்த 60இல் பெரும்பங்கு நோட்டின் சுத்தத்துக்கே போனால், அது கையெழுத்துப் போட்டியாகிவிடும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு சரியான நிரலை வாங்கிவருவதில் கஷ்டமே இல்லை. அதை அழகாகப் பிரதி எடுப்பதால் யாருக்கு என்ன லாபம்? தவறிய முயற்சியையும் அது தவறிய காரணத்தையும் எழுதச் சொல்லும் ரெக்கார்டாக இருந்தால், நானே அதைக் கையால் எழுதச் சொல்வேன்.

தேர்வு அறைக்குள் போன் வருவதில்லை என்பதால் கைத்தேர்வுக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது என்றே நினைக்கிறேன். மாற வேண்டியது கேள்வி. "நோடை நீக்கும் நிரல் எழுதுக" என்பதற்குப் பதில், ஓட்டையுள்ள இருபது வரி நிரலை அச்சிட்டுக் கொடுத்து, எந்த உள்ளீட்டில் இது விழும், ஏன், எப்படித் திருத்துவாய் என்று கேட்கலாம். இங்கே மனப்பாடம் உதவாது. பக்கம் பக்கமாக ஆங்கிலமும் தேவையில்லை. தமிழ்வழியில் வந்த மாணவிக்கும் இது நியாயமான களம். திருத்துவது கடினம் என்பது உண்மை. ஆன்சர் கீயை வைத்துக்கொண்டு கட்டுக்கட்டாகத் திருத்தும் ஆசிரியருக்கு இது கூடுதல் சுமைதான். அதனால் பல்கலைத் தேர்வில் உடனே வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இன்டர்னல் வினாத்தாளைக் கல்லூரி ஆசிரியரே தயாரிக்கிறார்; அறுபது பேர் வகுப்பில் அடுத்த இன்டர்னலுக்கே இப்படி ஒரு 13 மதிப்பெண் கேள்வியை அவர் வைக்க முடியும்.