புக்கிலும் துச்சிலும்: முதியோர் இல்லம் பற்றியதோர் இலக்கியத் திறனாய்வு

தன் வீட்டை நீங்கித் தலைவனுடன் சென்ற மகளை நினைந்து தாய் வருந்தும் பாடல்கள் சங்க இலக்கியத்தில் பல உள. அவள் சென்று புகும் மனை எத்தகையது, ஆங்கு அவள் எங்ஙனம் வாழ்வாள் என்பனவே அத்தாயின் கவலைகள். முதுமையில் தம் மனையை நீங்கிப் பிறிதோர் இடம் புகுவோர்க்காக இங்ஙனம் கவன்று பாடிய பாட்டு நம் பழைய தொகைகளில் இல்லை. முதியோர் இல்லம் என்பது அக்காலத்தார் அறியாத அமைப்பு. இன்று அஃது எல்லோரும் அறிந்த ஒன்றாகிவிட்டது. 2011ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதின்மர்க்குச் சற்று மேற்பட்டோர் அறுபது வயதினர் அல்லது அதனைக் கடந்தோர். பிள்ளைகள் அயல்நாடு சென்றமையால் தனித்தோரும், பிள்ளைப்பேறு இல்லாதோரும், துணையை இழந்தோரும், எவர்க்கும் சுமையாதல் வேண்டா எனத் தாமே முடிவு செய்தோரும் இவ்வில்லங்களை நாடுகின்றனர். ஆதலின், அங்குச் சேர்வித்த மக்களைப் பழித்தலும், சேர்ந்த பெற்றோரை இரங்கத்தக்கார் எனக் கோடலும் ஆராய்ச்சியாகா. அவ்வில்லத்தில் புகுவோர் எதனை எதிர்பார்த்தல் வேண்டும், எதனை இழத்தல் கூடும் என்பனவே ஈண்டு ஆராயத்தக்கன. இவ்வினாவிற்கு நம் இலக்கியம் நேராக விடை கூறவில்லையாயினும், விடை காணற்குரிய அளவுகோலைத் தந்துள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து.

இல் என்னும் சொல்

முதற்கண் பெயரை நோக்குவோம். மருத்துவமனை, சத்திரம், விடுதி, அறச்சாலை எனப் பல சொற்கள் இருக்க, இவ்வமைப்பிற்கு 'இல்லம்' என்னும் சொல்லே நிலைத்தது. பெயரிட்டோர் அன்பினால் இட்டனர் என்பதில் ஐயமில்லை. ஆயின் அப்பெயர் பெரியதொரு பொறுப்பைச் சுமத்துகின்றது. கூரையும் சுவரும் உடையதெல்லாம் கட்டடம் ஆகலாம். இல் ஆதல் அரிது.

திருக்குறளின் நிலையாமை அதிகாரத்து இறுதிக் குறளில் (340) இரு சொற்கள் எதிரெதிர் நிற்கின்றன. ஒன்று புக்கில், மற்றொன்று துச்சில். புகுந்தபின் நீங்காது தனக்கே உரியதாய் உறையும் வீடு புக்கில். பிறர்க்குரிய இடத்தில் சிலநாள் ஒதுங்கியிருக்கும் இடம் துச்சில். வள்ளுவர் உயிரையும் உடம்பையும் பற்றிக் கூறிய இச்சொற்களை ஒப்புமை கருதியே ஈண்டு எடுத்தாள்கின்றோம். முதியோர் இல்லத்துள் நுழைவார் ஒவ்வொருவர் நெஞ்சிலும் எழும் வினா இதுவே: இது எனக்குப் புக்கிலா, துச்சிலா? தூய்மையும் காற்றோட்டமும் நல்லுணவும் மருத்துவ வசதியும் இதற்கு விடையாகா. துச்சிலும் தூயதாய் இருத்தல் கூடும்.

பழைய அறச்சாலைகள்

ஆதரவற்றாரை ஓரிடத்துப் பேணும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலையில் வரும் உலகவறவி என்னும் அம்பலம் பசித்தோரும் பிணியுற்றோரும் ஒதுங்கும் பொதுவிடம். அந்நூலில் ஆபுத்திரன் மதுரையில் இரந்து பெற்ற உணவைக் கண்ணிலாதார்க்கும் செவியிலாதார்க்கும் காலிழந்தார்க்கும் பேணுவார் இல்லாதார்க்கும் முன்னர் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்கின்றான். பேணுநர் இல்லாமையையும் சாத்தனார் உடற்குறைகளோடு ஒருங்கு எண்ணினார் என்பது நோக்கத்தக்கது. கண்ணின்மை போல்வதொரு குறையாகவே அவர் அதனைக் கருதினார் போலும்.

பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தது திருமுக்கூடல் கல்வெட்டு. ஆங்கிருந்த ஆதுலசாலையில் நோயாளர் 15 பேர் தங்குதற்கு இடம் இருந்தது. மருத்துவர், அறுவை செய்வார், மருந்து சமைக்கும் பெண்டிர், நாவிதர் எனப் பணியாளர் பலர்க்கும் ஊதியம் வகுக்கப்பட்டது. நோயாளர்க்கு உரிய அரிசியும், இரவில் விளக்கெரிக்கும் எண்ணெயும் கூட அளந்து குறிக்கப்பட்டன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட அத்திட்டத்தின் நுண்மை இன்று படிப்பார்க்கும் வியப்பளிப்பதே. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தல் கூடாது. ஆதுலசாலையில் கிடந்தோன் நோய் நீங்கியபின் தன் மனை திரும்புவான். உலகவறவியில் உண்டோனுக்கும் அது வீடன்று, அம்பலமே. இவையெல்லாம் துச்சில்கள். தம்மைத் துச்சில் என உணர்ந்த அவை இல்லம் எனப் பெயர் கொண்டில. இற்றை அமைப்போ அப்பெயரைத் தானே ஏற்றுக்கொண்டது. ஆகலின் வேறு அளவுகோலால் அதனை அளத்தல் முறையே.

கொடுக்கும் கை

அவ்வளவுகோல் யாது? இல்வாழ்க்கை அதிகாரத்தின் முதல் இரு குறள்களிலும் வள்ளுவர் இல்வாழ்வானைத் 'துணை' என்னும் ஒரு சொல்லாலேயே விளக்குகின்றார். இல்வாழ்வான் பிறரால் தாங்கப்படுவான் என்பது அவர்தம் விளக்கமன்று. பிறரைத் தாங்குவான் என்பதே. எனவே இல்லின் இலக்கணம் பெறுதலில் இல்லை, தருதலில் உள்ளது.

சிலப்பதிகாரம் இதனை மேலும் தெளிவாக்குகின்றது. கோவலன் பிரிந்திருந்த காலத்தும் கண்ணகிக்கு வீடு இருந்தது; மாமனும் மாமியும் இருந்தனர். கொலைக்களக் காதையில் அவள் தன் இழப்பைக் கூறுங்கால், அறவோர்க்கு அளித்தலும் துறவோரை எதிர்கொள்ளலும் விருந்து போற்றலும் தனக்கு இயலாமற் போனமையை எடுத்துரைக்கின்றாள். சுவர்கள் நிற்கவும் இல் சிதைந்தது என்பதை இளங்கோவடிகள் ஒரு பெண்ணின் வாயால் நமக்கு உணர்த்தினார்.

ஆபுத்திரன் கதையின் முடிவு இதனினும் கூரியது. மழை பெய்து நாடு செழித்தபின் அவனிடம் உண்ண வருவார் ஒருவரும் இலராயினர். அமுதசுரபி அவன் கையில் இருந்தது; ஏற்பார்தாம் இல்லை. ஆளற்ற மணிபல்லவத்தில் தனித்த அவன் அப்பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர் நீத்தான். பசியால் வருந்துவோர் துயரை எல்லோரும் அறிவர். கொடுத்தற்கு ஆளின்றி வருந்துவோர் துயரை அறிந்து பாடியவர் சாத்தனார். முதியோர் இல்லத்தில் புகுவார் எய்தும் முதல் இழப்பு இத்துயரே. முந்தின நாள்வரை வந்தாரை 'வாருங்கள், காப்பி அருந்துங்கள்' என்று அழைத்தவர், மறுநாள் முதல் மணியடித்தபின் தட்டேந்திச் செல்கின்றார். உணவு குறையவில்லை, அழைக்கும் உரிமை போயிற்று.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பொருள். சில நாள் தங்குவான் விருந்தினன் ஆவான். என்றும் தங்குவானை அப்பெயரால் அழைத்தல் இயலாது. இல்லத்தில் சேர்ந்தவர் விருந்தோம்புவாரும் அல்லர், விருந்தினரும் அல்லர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலைக்கு நம் மொழியில் பெயர் இல்லாமையே அவர் முதல் சில திங்களில் உறும் கலக்கத்திற்குக் காரணம் எனலாம்.

ஆந்தையார் கூறிய ஐந்து

ஆண்டுகள் பல கடந்தும் நரையில்லாமை எங்ஙனம் என வினவினார்க்குப் பிசிராந்தையார் கூறிய விடை புறநானூற்றின் 191ஆம் பாட்டு. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தாம் கருதியதையே கருதும் ஏவலர், முறை தவறாது காக்கும் வேந்தன், ஊரில் வாழும் அடக்கமுடைய சான்றோர் பலர் எனக் காரணம் ஐந்து கூறினார். இவற்றுள் ஒன்றும் உடலைப் பற்றியதன்று. உணவோ மருந்தோ இப்பட்டியலில் இல்லை. முதுமையின் சுமை சூழ்ந்திருப்போரால் குறையும் என்பதே புலவர் கருத்து.

முதியோர் இல்லம் தேடுவோர்க்கு இதனினும் சிறந்த வினாநிரல் கிடைத்தல் அரிது. ஐந்தனுள் முதலிரண்டையும் எவ்வில்லமும் விலைக்குத் தர இயலாது. எஞ்சிய மூன்றையும் தேடிப் பெறலாம். ஏவலர் யாவர்? இரவுப் பணிக்கு எத்துணைப் பேர் உளர், அவர்கள் அடிக்கடி மாறுவரா, முதியோரிடம் எங்ஙனம் பேசுகின்றனர் என்பவற்றை நேரிற் சென்று, சொல்லாமற் சென்று, காணல் வேண்டும். வேந்தன் யாவன்? நிருவாகம். முன்பணம் திரும்ப வருமா, கட்டணம் எவ்வாறு உயரும், மருத்துவமனைச் செலவு யாருடையது, நடக்க இயலாது படுக்கையில் விழுந்தால் வைத்திருப்பரா அனுப்பிவிடுவரா என்பன எழுத்தில் இருத்தல் வேண்டும். எழுதிய முறையே ஈண்டுச் செங்கோல். சான்றோர் யாவர்? உடன் உறைவோர். ஓரிரு நாள் அங்குத் தங்கி, அவரோடு உண்டு, உரையாடிய பின்னரே இவ்வினாவிற்கு விடை தெரியும்.

முதலிரண்டும் அடியோடு இல்லாதொழியும் என்பதும் அன்று. மக்கள் வந்து காணும் நாளும், தொலைபேசியில் பேசும் நேரமும் ஒழுங்காய் அமையின், அவை பாதியேனும் நிலைபெறும். 'வருவோம்' என்னும் பொதுச்சொல்லினும் 'ஞாயிறு மாலை வருவோம்' என்னும் சிறுசொல் வலிமை உடையது.

சட்டமும் அதன் சொற்களும்

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் தம்மைக் காத்துக்கொள்ள இயலாத முதியோர் தம் மக்களிடம் பராமரிப்புத் தொகை கோரும் உரிமையை வழங்கியது. பேணுதல் வேண்டும் என்னும் நிபந்தனையோடு இச்சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எழுதிக் கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் செல்லாததாக்குதற்கும் அதில் வழியுண்டு. அதன் 19ஆம் பிரிவு, மாவட்டந்தோறும் ஒன்றேனும் தொடங்கி, வறிய முதியோர் 150 பேர்க்குக் குறையாது இடந்தரும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கின்றது. 'அமைக்கலாம்' என்ற சொல்லின் நெகிழ்ச்சி ஒருபுறம் இருக்க. இல்லத்தில் வாழ்வார்க்கு வேண்டுவன என அப்பிரிவு பெயர் சுட்டிக் கூறுவன இரண்டே: மருத்துவமும் பொழுதுபோக்கும். இரண்டும் இன்றியமையாதனவே. ஆயின் இரண்டும் பெறுவன, தருவன அல்ல. நோயுற்ற உடலையும் போக்கவேண்டிய பொழுதையும் கண்ட சட்டம், கொடுக்க விரும்பும் கையைக் காணவில்லை. வள்ளுவரை அளவுகோலாகக் கொள்வார்க்கு இக்குறை புலனாகும்.

ஒரு தடை

'முதியோர் ஓய்வு வேண்டியன்றோ வருகின்றனர்? நினைவு மங்கியோரும் எழ இயலாதோரும் எதனைத் தரவல்லார்?' என வினவலாம். தகுந்த தடையே. இதற்குத் தொடித்தலை விழுத்தண்டினார் விடை தருகின்றார். அவர்தம் பாட்டில் (புறம். 243) வரும் முதியவர் கோலூன்றி நடுங்குகின்றார், இருமலுக்கிடையே சில சொற்களே பேசுகின்றார். அந்நிலையிலும் இளமையில் மரக்கிளையினின்று ஆழ்ந்த மடுவிற் குதித்து, அடிமணலை அள்ளி வந்து காட்டியதை நினைந்து கூறுகின்றார். அவர் தரவல்லது அந்நினைவு ஒன்றே. அது சங்கத் தொகையில் இடம் பெற்று இன்றளவும் நமக்குப் பயன்படுகின்றது. அவரிடம் குறை இல்லை. அமர்ந்து கேட்பார் உளரா என்பதே வினா.

அண்மையில், எமக்குப் புறநானூறு கற்பித்த ஆசிரியர் ஒருவரை முதியோர் இல்லத்திற் சென்று கண்டோம். அறை தூயதாய் இருந்தது. உணவில் குறை கூறினாரல்லர். சேர்க்கைப் படிவத்தில் வயது, நோய், உண்ணும் மருந்து, உறவினர் தொலைபேசி எண் ஆகியன கேட்கப்பட்டன என்றும், என்ன தொழில் செய்தீர் என்பது மட்டும் கேட்கப்படவில்லை என்றும் நகைத்தவாறே கூறினார். பணிசெய்யும் பெண்கள் அன்போடு அவரைத் 'தாத்தா' என்றனர். நாற்பதாண்டு 'ஐயா' என அழைக்கப்பட்ட செவி அது. பின்னர்க் கேள்வியுற்றோம்: அப்பெண்களுள் ஒருத்தியின் மகன் பத்தாம் வகுப்பில் தமிழில் பின்தங்கியிருந்தான். அவன் மாலைதோறும் அங்கு வந்து படிக்கலானான். அடுத்த முறை யாம் சென்றபோது, 'சற்று இருங்கள், பையன் வரும் நேரம்' என்று எம்மைக் காக்க வைத்தார். தாம் பெற்ற பிசுக்கோத்தை எமக்கு எடுத்து நீட்டினார். அறை அதுவே, கட்டிலும் அதுவே. ஆயின் துச்சில் புக்கிலாயிற்று.

முடிபு

புகுவோர் எதிர்பார்க்க வேண்டுவன பல உள. பிறரொடு பகிரும் அறையும், மணிப்படி நடக்கும் உணவும், பிறர் கையிலுள்ள மருந்துப்பெட்டியும், வெளிச்செல்லுங்கால் பதிவேட்டில் இடும் கையெழுத்தும் தொடக்கத்தில் உறுத்தும், நாளடைவில் பழகும். பழகாத ஒன்று உண்டு. தருவதற்கு ஒன்றும் இல்லாத நாளே அது. ஆதலின் இல்லம் நடத்துவோர் படிவத்தில் ஒரு வரி கூட்டுக: நீவிர் எதில் வல்லீர்? சேர்விக்கும் மக்கள் மருந்துச் சீட்டோடு தம் பெற்றோரின் கைத்திறனையும் எடுத்துரைக்க. புகும் முதியோர், எனக்கு என்ன கிடைக்கும் என்பதனோடு, இங்கு என்னால் யார்க்கு என்ன ஆகும் என்பதையும் கேட்டறிக. இல்லம் என்னும் பெயர் அவ்வினாவிற்கு விடை தரும் இடத்திற்கே உரியது.