தட்டில் அடங்கிய தோடி

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் வீதியில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு, இசைத்தட்டு முதலில் சிறு கூடாகத்தான் தெரியும். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடச் சங்கீதம்தான் கொள்ளும். நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அந்தச் சிற்றிடத்திலேயே தோடி ராகத்தை முழு உருவமாக எழுப்பி நிறுத்தினார். மணிக்கணக்கில் வாசித்த ராகத்தின் சாறு அது.

சங்கீதத்தை இப்படி ஊன்றிக் கேட்கக் கற்றுத் தந்தவர்கள் நம் இசை விமர்சகர்கள். ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் எழுதிய கல்கி, சங்கீதம் படிக்காத வாசகரையும் கச்சேரிப் பக்கம் இழுத்தார். பின்னால் வந்த சுப்புடு, பெரிய பெயர்களுக்கும் அஞ்சாமல் குறையைச் சொன்னார். நல்ல விமர்சனம் தீர்ப்போடு நிற்காது. மறுபடி கேட்க வைக்கும். அந்தத் தோடியை இன்றிரவு ஒருமுறை கேளுங்கள்.