ஒன்றியத்துக்கு ஒரு நர்ஸ்

களியக்காவிளையைத் தாண்டினால் அதற்குப் பெயர் 'சாந்த்வன பரிசரணம்'. இந்தப் பக்கம் அரசுக் காகிதத்தில் 'நோய் ஆதரவு சேவை'. முதல்தடவை வாசிச்சப்போ ஆதரவு நோய்க்கா நோயாளிக்கா என்று ஒரு நிமிஷம் முழிச்சேன். பேர்லதான் குழப்பம்னா விட்டுடலாம். திட்டத்துக்குள்ளேயும் ஒரு குழப்பம் இருக்கு.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வரும். படுத்த படுக்கையா கிடக்கிறவங்களுக்கு பிசியோதெரபியும் வலி நிவாரணமும் உண்டு. 2022 டிசம்பரில் சன்னாசிப்பட்டியில் 1 கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டி கொடுத்தார்கள், 2024இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. மாத்திரை விஷயத்தில் இந்தப் பாராட்டு நியாயமானதுதான். ஒருநாள் கூலியை விட்டுட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்னவங்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனா சுகர் மாத்திரை மாசத்துக்கு ஒருதடவை கொடுத்தாப் போதும், ஒரு பயனாளி கணக்கு ஏறிடும். புற்றுநோய் எலும்புக்குப் பரவி, ராத்திரியெல்லாம் முனகும் ஒரு பெரியம்மாவுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. வாயால் சாப்பிடும் மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை. கூட மலச்சிக்கலுக்கு மருந்து. ஆரம்பத்தில் ஒண்ணு ரெண்டு நாளைக்கு ஒருமுறை அளவை மாத்தவேண்டி வரும். திட்டத்தில் ஒன்றியத்துக்கு ஒரு பேலியேட்டிவ் நர்ஸ். குமரியில் ஒன்றியங்கள் 9. அந்த நர்ஸ் எவ்வளவுதான் ஓடினாலும் மார்ஃபின் எழுதிக்கொடுக்க முடியாது. அதற்கு பயிற்சி பெற்ற டாக்டரும், மருந்தை வைத்துக்கொள்ள அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியும் வேணும். 1985 போதைப்பொருள் சட்டத்தில் இருந்த லைசென்ஸ் சிக்கலை 2014 திருத்தம் பெரிதும் தளர்த்திவிட்டது. இனி சட்டத்தின்மேல் பழிபோட வழியில்லை.

கேரளத்தில் 2008 கொள்கைக்குப் பிறகு பஞ்சாயத்துதோறும் நர்ஸ் வீடுகளுக்குப் போகிறார். (அங்குள்ள பஞ்சாயத்து நம்மூர் பஞ்சாயத்தைவிட ரொம்பப் பெரிசு, அதனால் அப்படியே ஒப்பிடக்கூடாது.) 'நாமளும் திருவிதாங்கூர்லயே இருந்திருக்கலாம்' என்று இதைக் கேட்டதும் பெருமூச்சு விடுவோர் இங்கே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த இயக்கம் முளைத்தது திருவனந்தபுரத்தில் இல்லை. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கி, பிறகு மலப்புரத்துக்கு ஊர்க்காரர்கள் நடத்தும் அமைப்பாகப் பரவியது. அந்த மலபார் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலம். நாம் இந்தப் பக்கம் வந்த அதே நாளில்தான் அவர்கள் அந்தப் பக்கம் போனார்கள்! அங்கே நடந்ததுக்கு மண்வாசனை காரணமில்லை. பயிற்சி எடுத்துக்கொண்ட உள்ளூர் ஆட்கள், அவர்கள் வீடுவீடாகத் திரட்டிய சில்லறைக் காசு, பக்கத்தில் மார்ஃபின் தர ஒரு டாக்டர். இவ்வளவுதான்.

இதில் முதல் பாதி நம்மிடமும் இருக்கு. கடற்கரை ஊர்களில் படுக்கையில் கிடப்பவர்களுக்கு நற்கருணை கொண்டுபோகும் வழக்கம் பல பங்குகளில் உண்டு. யார் வீட்டில் யார் கிடக்கிறார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். மகளிர் குழுக்களுக்கும் தெரியும். அந்தத் தகவல் டாக்டரிடம் போய்ச் சேர்வதுதான் பாடு.

இன்னொண்ணு. 'வீட்டிலேயே பராமரிப்பு' என்று எழுதும்போது வீட்டில் யார் என்று நாம் எழுதுவதில்லை. பெரும்பாலும் ஒரு மருமகள். மகன் வளைகுடாவில். புண் கழுவுவது, புரட்டிப் படுக்கவைப்பது, நடுச்சாமம் 2 மணிக்கு மாத்திரை கொடுப்பது எல்லாம் அவள் தலையில். கேரளத்தைப் புகழ்பவர்களும் இதைச் சீக்கிரம் தாண்டிப் போய்விடுகிறார்கள். வாரத்தில் ஒருநாள் அவளுக்குப் பதில் உட்கார ஆள் அனுப்பும் திட்டம் எங்காவது வந்தால் அதைத்தான் நான் முதலில் பாராட்டுவேன்.

அதுவரைக்கும் சின்னதா ஒரு கோரிக்கை. அடுத்தமுறை பயனாளிகள் எண்ணிக்கையை அறிவிக்கும்போது, ஒன்றியவாரியாக எத்தனை பேருக்கு மார்ஃபின் கிடைத்தது என்ற எண்ணையும் பக்கத்தில் போடுங்கள். தோவாளைக்கு எத்தனை, முஞ்சிறைக்கு எத்தனை என்று பார்ப்போம்.