காலி சாஸ் பாட்டிலை என்னிடம் கொடுத்துவிடுங்கள்!

தக்காளி சாஸ் பாட்டில் காலியானதும் யாராவது அதைக் குப்பைக் கூடைப் பக்கம் கொண்டுபோனால் எனக்கு மனசு பதறும். அடியில் ஒட்டியிருக்கிற சாஸுக்காக இல்லை, அந்த மூடிக்காக! அதைத் திருகிக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். தலைகீழாக நிற்கிற பாட்டில்கள் பலவற்றில் சிலிகோனில் செய்த சின்ன வட்டம் ஒன்று இருக்கும். நடுவில் கூட்டல் குறி மாதிரி ஒரு கீறல். பாட்டிலை அமுக்கினால் திறக்கும், விட்டால் பட்டென்று மூடிக்கொள்ளும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்காரர் பால் பிரவுன் 1991-ல் உருவாக்கியது இது. 2002-ல் ஹெய்ன்ஸ் நிறுவனம் தலைகீழ் கெச்சப் பாட்டிலைக் கடைக்குக் கொண்டுவர முடிந்ததே இப்படியொரு மூடி இருந்ததால்தான். இத்தனை மூளை செலவழித்துச் செய்த பொருளை, சாஸ் தீர்ந்த கையோடு எப்படித் தூக்கிப்போடுவது?

எங்கள் வீட்டில் ஒரு பாட்டில் நிரந்தரமாக அடுப்படியில், நல்லெண்ணெய்க்கு. கல்லில் மாவை வார்த்ததும் ஓரத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு கோடு, நடுவில் ரெண்டு சொட்டு. அவ்வளவுதான்! ஸ்பூனால் விட்டால் ஒரு பக்கம் எண்ணெய் தேங்கும், மறுபக்கம் காய்ந்து கிடக்கும். இதில் ஓரம் முழுக்க ஒரே சீராக முறுகிச் சிவந்து, தோசை தானாகக் கல்லை விட்டுக் கிளம்பும். எண்ணெய்ச் செலவும் நன்றாகக் குறைந்திருக்கிறது. மேடையில் பிசுபிசுப்பு இல்லை என்பதற்காகவே இதைக் கொண்டாடலாம்.

ஆனால் என்னை முழுசாக மயக்கியது மாக்கோலம்தான். பச்சரிசியை ஊறவைத்து, மையாக அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, மோர் பதத்துக்குக் கரைத்து பாட்டிலில் ஊற்றிக்கொள்வேன். வடிகட்டுவது முக்கியம், இல்லாவிட்டால் குருணை போய் மூக்கை அடைத்துக்கொள்ளும். துணியை மாவில் நனைத்து, விரல் வழியே வடியவிட்டு இழை இழுக்கிற கை எல்லாருக்கும் வாய்க்காது. பாட்டிலிலோ, விரல் கொடுக்கிற அழுத்தம்தான் கணக்கு. லேசாக அமுக்கினால் நூல் மாதிரி இழை. கொஞ்சம் கூட்டினால் பட்டையான கோடு. நிறுத்த நினைத்த இடத்தில் நிற்கும், புள்ளிமேல் சொட்டாது. போடும்போது ஈரத்தில் மங்கலாகத்தான் தெரியும். காயக் காய வெள்ளை எழும்பி, காவிக்கு நடுவே பளிச்சென்று நிற்கிற அழகு இருக்கிறதே! கை நடுக்கத்தால் கோலத்தையே விட்டிருந்த என் மாமியார், பூஜையறை வாசலில் இரட்டை இழைக் கோலம் போட்டுவிட்டு, "இந்தப் பாட்டில் எனக்கும்மா, இதுல வேற எதையும் ஊத்திடாதே" என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

உலர்ந்த கோலமாவு, கலர்ப்பொடிக்கும் இது தோதுதான். சிலிகோன் வட்டத்தை மட்டும் ஹேர்பின்னால் நெம்பி எடுத்துவிட வேண்டும். அதையே எடுத்துவிட்டு மைதா ஜிலேபியும் சுற்றலாம். சூடான எண்ணெய்க்குமேல் சற்று உயரப் பிடித்துச் சுற்றினால் போதும். ஜாங்கிரிக்கு வேண்டாம். கெட்டியான உளுந்து மாவுக்கு ஓட்டை போட்ட துணியை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

தொட்டிச் செடிக்கும் பாட்டில் உண்டு. புதிதாக முளைத்த கீரைக்கும் தக்காளி நாற்றுக்கும் குவளையால் ஊற்றினால் மண்ணோடு சாயும். இதில் வேரடியில் மட்டும் மெதுவாக விடலாம். பாத்திரம் துலக்கும் லிக்விடைத் தண்ணீர் கலந்து ஒரு பாட்டிலில் வைத்தால் வீணாகாது. பிள்ளைகளின் பள்ளி வேலைக்குப் பசை, தலைக்குத் தேங்காயெண்ணெய் என்று கேட்கக் கேட்கக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கழுவுவதில் மட்டும் சோம்பல் கூடாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் ஒரு கைப்பிடி அரிசியும் போட்டு, மூடியை இறுக்கிக் குலுக்குங்கள். மூலையில் ஒட்டியதெல்லாம் கழன்று வரும். கொதிநீர் வேண்டாம், பெட் பாட்டில் சுருங்கிப்போகும். மூடியைத் தனியாகப் பிரித்துக் கழுவி, எல்லாவற்றையும் வெயிலில் கவிழ்த்துக் காயவிடுங்கள். சாஸ் வாசனை விடாமல் பிடித்துக்கொண்டால் சமையல் சோடா கரைத்த தண்ணீரை ராத்திரி முழுக்க நிரப்பி வையுங்கள். லேபிள் பசைக்குத் தேங்காயெண்ணெயும் சோடாவும் குழைத்துத் தேய்த்தால் போதும்.

சோப்பு ஊற்றிய பாட்டிலில் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி, சாப்பாட்டுப் பொருளுக்குப் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வையுங்கள். சூடான எண்ணெயை எந்தப் பாட்டிலிலும் ஊற்றாதீர்கள். நிறம் மங்கி, கீறல் விழுந்தால் மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் முடியப்போகிற சாஸ் பாட்டில் ஒன்று கட்டாயம் இருக்கும். அதைக் கழுவி, நல்லெண்ணெய் ஊற்றி, நாளைக் காலையிலேயே ஒரு தோசை வார்த்துப் பாருங்கள்.