மங்கம்மாவுக்கு யார் வீடு தருவது?

சின்னமனூரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த நாட்களில் பாலுமகேந்திராவின் 'வீடு' (1988) படம்தான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. குடியிருக்கும் வீட்டைக் காலிசெய்யச் சொல்கிறார்கள். சுதாவின் சம்பளத்துக்கு வேறு வீடு அமையவில்லை. நகையை விற்று, கடன் வாங்கிக் கட்டத் தொடங்குகிறாள். நடுத்தர வர்க்கத்தின் வலியை இத்தனை நேர்மையாகச் சொன்ன தமிழ்ப்படம் குறைவு. நம் பக்கத்துப் பண்ணைப்புரத்து இளையராஜாவின் இசை வேறு. மறுக்கவில்லை.

ஆனால் எனக்கு வாடகையும் அட்வான்சும் கட்டுப்படியாகத்தான் இருந்தது. வீட்டுக்காரம்மா சாவியோடு வந்தார். "சொந்த ஊர்ல எந்தத் தெரு தம்பி?" சொன்னேன். "அடடா, மகளுக்குன்னு நேத்தே பேசிட்டோமேப்பா." சாவி உள்ளே போய்விட்டது. சாதியை வாய்விட்டுக் கேட்கவேண்டியதில்லை, தெருப்பேரே போதும்.

எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பதைத் தீண்டாமையின் பேரில் தடுப்பது குற்றம் என்கிறது 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. 'மகளுக்குன்னு பேசிட்டோம்' என்பதை எந்த ஸ்டேஷனில் எழுதிக்கொடுப்பது? தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமோ ஒப்பந்தம் போட்டவர்களுக்கானது. வாசலோடு திரும்பியவனுக்கு அதில் என்ன இருக்கிறது?

படத்தில் சிமெண்ட் திருட்டைச் சொல்லிக் கொடுப்பவள் சித்தாள் மங்கம்மா. சுதாவின் வீட்டைக் காத்தவள் அவள்தான். அவளுடைய வீட்டுத்தேடல் மட்டும் கதையாகவில்லை. சுதாவை மறிப்பது பணமும் அதிகாரமும். மங்கம்மா சேரிக்காரியாக இருந்து, கையில் பணத்தோடு போய் நின்றாலும், தெருப்பேர் கேட்பார்களே! அந்தப் படத்தை இனி நாம்தான் எடுக்கவேண்டும்.