ஓலையும் ஊன்றுகோலும்

துன்பம் மிக்குழி இறைவனையே பற்றி நிற்றல் யாதென ஆராயப் புகுவார்க்கு, திருத்தொண்டர் புராணத்துள் நம்பியாரூரர் கண்ணிழந்து மீளப்பெற்ற வரலாற்றினும் சிறந்ததோர் இடம் காண்டல் அரிது. அவ்வரலாற்றை எடுத்துரைப்பார் பெரும்பாலார், அவர் பாடினார், கண் பெற்றார் என இரண்டு சொல்லில் முடித்துவிடுவர். சேக்கிழார் அங்ஙனம் முடித்திலர். அவர் முடியாது நீட்டிய இடத்தேதான் பொருள் உளது.

திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுரைத்த நம்பிகள், அதனைக் கடந்து ஊரெல்லை நீங்கியவுடன் இரு கண்ணும் ஒளி இழந்தார். திருவெண்பாக்கத்தில் அவர் கேட்டது கண். இறைவன் கொடுத்தது ஊன்றுகோல். காஞ்சித் திருவேகம்பத்தில் இடக்கண் பெற்றார். திருத்துருத்தியில் குளத்து மூழ்கி உடற்பிணி நீங்கினார். திருவாரூர் சென்ற பின்னரே வலக்கண் வந்தது. ஒருநாளில் ஓரிடத்தில் அருளத்தக்கதனை இத்துணைக் காதவழி பகுத்துக் கொடுத்தது எற்றுக்கு? ஊன்றுகோலைச் சினந்தெறிந்து நந்தியின் கொம்பை ஒடித்தார் எனத் தலத்தார் கூறுவர். சேக்கிழார் வாக்கில் அஃது இல்லை. அவர் காட்டும் நம்பிகள் கோலை வாங்கிக்கொண்டார். தம் மனக்குறையைப் பதிகத்தில் ஒளியாது சொன்னார். அக்கோலையே ஊன்றி மேல் நடந்தார். (அத்தலத்துப் பழைய கோயில் 1944-ல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்துள் அகப்பட்டமையும், மூர்த்தி இப்பொழுது பூண்டியிற் புதிதாக எடுத்த கோயிலில் எழுந்தருளியிருத்தலும் பலரும் அறிந்தனவே.)

இனி, நம்பிகள் இறைவனை இடித்துரைத்துக் கேட்டது அவர் தம்பிரான் தோழராகலின் அவர்க்கே உரியது, ஏனையோர்க்கு ஆகாது என்பாரும் உளர். சகமார்க்கத்துக்கு அவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளும் வழக்கிலிருந்து பிறந்தது இக்கருத்து. அற்றன்று. திருவாரூரில் வலக்கண் வேண்டிய பதிகத்தை நோக்குக. இடித்துரை மிக்கது அதுவே. அடியார் அல்லலுறக் கண்டிருப்பீராயின் நீரே நன்கு வாழ்ந்திடுக என வெறுத்துரைப்பது அது. அத்துணைக் கடிய பதிகம் தோழமையை முன்னிட்டுத் தொடங்கவில்லை. மீட்சியில்லாத அடிமையை முன்னிட்டே தொடங்குகின்றது. தோழன் என்னும் உரிமையால் அவர் வழக்காடினாரல்லர். ஆளாய் எழுதிக்கொடுக்கப்பட்டவன், தன்னை ஆளுடையானிடம் கேட்பதனைக் கேட்டார். ஆகவே அடிமைத்திறம் பூண்டார் எல்லார்க்கும் அம்முறையீடு ஒக்கும் என்க.

அவ்வெழுத்து வெளிப்பட்ட இடம் பெண்ணையாற்றின் தென்பாலுள்ள திருவெண்ணெய்நல்லூர். புத்தூரில் மணத்தைத் தடுத்த முதியவர் காட்டிய படியோலையை நம்பிகள் கிழித்தெறிந்தார். ஆயினும் மூல ஓலை அவையில் வந்தது. தம் பாட்டனார் தாமும் தம் வழிவருவாரும் அவ்வூர்ப் பித்தனுக்கு அடிமை என எழுதிய ஓலை அது. நம்பிகள் விரும்பி எழுதியதன்று, பிறக்குமுன்னரே எழுதப்பட்டது. ஓலையைப் பெற்றவன் அடியானை ஆட்டிவைத்தற்கு உரிமையுடையன். அவ்வோலையே அவனைக் காத்தற்குக் கடன்பட்டவனாகவும் செய்கின்றது. ஒருபாற் கோடிய ஓலை உலகத்தில் இல்லை.

அவ்வூரிலேயே பின்னாளில் மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தை அருளிச்செய்தமை, ஆராய்வார் உள்ளத்தில் ஓர் இயைபினைத் தோற்றுவிக்கும். அந்நூலின் பத்தாஞ்சூத்திரம், இறைவனோடு ஒன்றாகி அவன் பணியில் நின்றார்க்கு மலமும் மாயையும் வினையும் தாக்கா என்பது. அதன் எடுத்துக்காட்டு வெண்பாக்களுள் ஒன்று மிக நுண்ணிது. தன்னை அடைந்தாரைப் புரத்தல் தலைமையுடையான் கடன் என ஒருபுறம் கூறி, அதனால் அவன்பால் ஓரம் இல்லை என்பதனையும் உடன்கூறி, ஏனையோர்க்கு அவரவர் வினைப்பயனைத் தருகின்றான் என முடிப்பது. காத்தல் உண்டு, நடுவுநிலைமையும் உண்டு என இரண்டையும் ஒருங்கு நாட்டியது அது. ஒன்றைவிட்டு ஒன்றைப் பற்றுவாரே இடர்ப்படுகின்றனர்.

இது நூலளவில் நிற்கும் வினா அன்று. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரியை அடுத்துக் கரைகடந்த ஃபெஞ்சல் புயல், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் மட்டும் ஒருநாளில் 51 சென்டிமீட்டர் மழையைச் சொரிந்தது. திண்டிவனத்துத் தெருக்களும் விழுப்புரத்துத் தெருக்களும் நீரில் நின்றன. டிசம்பர் 2-ஆம் நாள் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கனஅடி நீர் திறக்கப்பட, பெண்ணை கரைகடந்து அரசூர் முதலிய திருவெண்ணெய்நல்லூர் வட்டத்து ஊர்களுட் புகுந்தது. ஓலை காட்டிய ஊரைச் சூழ வாழ்வாரே அன்று வீடும் பயிரும் கால்நடையும் இழந்து நின்றனர். அத்தகையார், இறைவன் எம்மை ஆளுடையானாயின் இது யாது என வினவுவராயின், அவர்க்குச் சித்தாந்தி கூறும் விடை யாது?

உயிரிழந்தாரும் உடைமை இழந்தாரும் பத்தியிற் குறைந்தவர், தப்பினார் நிறைந்தவர் என்பது விடையாகாது. அங்ஙனம் பேசுவார் சிவநிந்தைக்கும் அடியார் நிந்தைக்கும் ஒருங்கே ஆளாவர். ஓலைப்படி ஆட்கொள்ளப்பட்ட நம்பிகளே கண்ணிழந்தாராகலின், இடர் வருதல் கைவிடப்பட்டமைக்கு அடையாளம் ஆகாமை தெளிவு. நம்பிகள் தாம் பிழைசெய்தமை அறிந்தவர். பிழையிலேன் என அவர் யாண்டும் வாதாடிலர். பிழையுடையேன் ஆயினும் உன்னுடையேன் என்பதே அவர் துணிபு. பிழையின்மையைக் காட்டிக் காப்புக் கேட்பது வாணிகம். அது சூத்திரம் கூறும் பணி அன்று.

முழுதும் ஒருங்கே வாராமையால் இறைவன் வாரான் எனத் துணிதலும் பொருந்தாது. வெள்ளத்தில் வந்த படகும், அதனை ஓட்டிவந்த முன்பின் அறியாதவன் கையும், மேட்டுப்பள்ளியிற் கிடைத்த ஒருபிடி சோறும் வெண்பாக்கத்து ஊன்றுகோலாம். கண் கேட்டவனுக்குக் கோல் கிடைத்ததே என அதனை வீசியெறிவார், காஞ்சி சென்று சேரார். கோலே போதும், கண் வேண்டா என அமைவதும் நம்பிகள் வழியன்று. அவர் கோலை ஊன்றினார், குறையையும் பாடினார். திருவருளை நம்புவார் அணைநீர் திறக்கும் முறையையும் கரையின் காப்பையும் ஆள்வாரிடம் கேட்டல் ஆகாது என்பார் இவ்விடத்தை மீட்டும் கற்பாராக.

சேக்கிழார் வைத்த முறையில் மற்றொன்றும் உளது. காஞ்சியில் இடக்கண் பெற்ற நம்பிகள் ஆரூர் நோக்கிச் செல்லும் வழியில், தொண்டைநாடு கடந்து சோழநாடு புகுமுன், விழுப்புரத்தை அடுத்துப் பம்பையாற்றங்கரையிலுள்ள திருவாமாத்தூரில் வணங்கிப் பாடினார் என்பர் அவர். அப்பதிகம் கண்டேன் என்பதனையும் ஆட்பட்டேன் என்பதனையும் அடுக்கி அடுக்கிச் சொல்வது. கண்ணில்லையே என்னும் சொல்லை அதன் முகப்பிற் காணோம். அன்று அவர்க்கு இருந்தது ஒரு கண். மற்றைக் கண்ணுக்கு ஆரூர் இன்னும் நெடுந்தொலைவில் இருந்தது.