கை தூக்காத ரவிக்கை

சென்ற மாதம் எங்கள் குடவாசல் வீட்டுப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கிற்று. அதில் அம்மாவின் பாட்டி போட்டுக்கொண்ட வெள்ளை மல் ரவிக்கை ஒன்று இருந்தது. தோளில் உப்பிய கை, ஓரத்தில் லேஸ், அசல் விக்டோரியா ராணி காலத்துச் சாயல். கல்லூரி நாடகத்துக்கு அதேபோல் ஒன்று வேண்டும் என்றாள் அக்கா மகள். மாதிரிக்கு ஒரு நாட்காட்டிப் படமும் வைத்திருந்தாள்.

அந்த நாட்காட்டி பலருக்கும் நினைவிருக்கும். 2020ஆம் ஆண்டுக்காக, சுஹாசினி மணிரத்னத்தின் 'நாம்' அறக்கட்டளைக்கு ஜி. வெங்கட்ராம் எடுத்த படங்கள். ஷோபனா, ரம்யா கிருஷ்ணன், சமந்தா முதலியோர் ரவிவர்மாவின் ஓவியப் பெண்களாக வந்தார்கள். ஒளியிலும் நகையிலும் நிற்கும் சாயலிலும் எவ்வளவோ சிரத்தை. எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஏதோ ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது.

அது என்ன என்பதைக் கடைத்தெருத் தையற்காரர்தான் காட்டிக் கொடுத்தார். ரவிக்கையை உள்பக்கம் திருப்பி, அக்குளில் வைத்துத் தைத்திருந்த சிறு சதுரத் துண்டைத் தொட்டார். "இது வேலை செய்யற கை தம்பி. இந்தத் துண்டு இல்லேன்னா தண்ணி இறைக்கறப்பவே கிழிஞ்சிருக்கும்."

இங்கிலாந்தில் 1890களில் பெண்களின் சட்டைக் கை பலூன் போல் ஊதிற்று. 1895 வாக்கில் அது உச்சம். உள்ளே விறைத்த துணி கொடுத்து நிறுத்தவேண்டும். இடுப்பில் வேறு இறுக்குக் கச்சு. அந்த அவஸ்தையைக் கண்டிக்க அதற்கு முன்பே, 1881இல், லண்டனில் ஒரு சங்கம் தோன்றிவிட்டது. வேலைக்காரி வைத்துக்கொள்ள வசதியுள்ள சீமாட்டியின் கை அது. அதே மோஸ்தர் காவேரிக்கரைக்கு வந்தபோது சுருங்கிற்று. விறைப்புப் போயிற்று, அக்குளில் ஒரு துண்டு சேர்ந்தது. பேர் தெரியாத தையற்காரர்கள் செய்த விமர்சனம் என்று இதைச் சொல்வேன்.

ரவிவர்மா பழைய உடையை மீட்க முயன்றவரல்ல. சகுந்தலைக்கும் தமயந்திக்கும் தம் காலத்துப் புடவையையே துணிந்து கட்டிவிட்டார். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் அந்தப் பெண்களை வீட்டுச் சுவர்களுக்குக் கொண்டுவந்தது. நாட்காட்டி செய்தது அந்த ஓவியங்களுக்கு மரியாதை. அதற்குமேல் அதனிடம் கேட்பது நியாயமில்லை. தவறு நம்முடையது. ஓவியத்தின் நகலைச் சரித்திரம் என்று எடுத்துக்கொள்கிறோம். நம் சினிமாவிலும் நாடகத்திலும் அந்தக் காலத்துப் பெண் என்றால் சாய்ந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கிறாள். உலக்கை பிடித்த கை எங்கே போயிற்று? அழகை மீட்கிறேன் என்று உழைப்பை அழித்துவிடக் கூடாது அல்லவா?

புது ரவிக்கை தயாராகி வந்தது. அக்கா மகள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். "படத்திலே இருக்கற மாதிரி இல்லையே மாமா" என்று முகம் சுளித்தாள்.

"கையைத் தூக்கிப் பார்" என்றேன்.

தூக்கினாள். பரண் வரைக்கும் எட்டிற்று. காலிப் பெட்டியை அவளே மேலே ஏற்றினாள்.